அந்தப் பெட்ரோல் பங்க் ஆள் ஏன் நம்ம ஊர்த் தமிழ் பேசுகிறார்?

ஜூன் 13, இரவு 11.50 (வாசகர் கேள்வி)

புதுமணத் தம்பதி காரில் பாலைவனம் தாண்டிப் போகும் அந்த அமெரிக்கத் த்ரில்லரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். படம் மொக்கை, அது வேறு விஷயம். படத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் செய்தி வாசிப்பது போலச் சுத்தமாகப் பேசுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் நிற்கும் கருப்பினத்தவர் மட்டும் "ஏலே" என்கிறார். எனக்கு மட்டும்தான் இது இடிக்கிறதா? திருநெல்வேலிக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 14, காலை 6.40

இடிக்கத்தான் செய்கிறது. பாளையங்கோட்டைக்காரன் சொல்கிறேன்.

வியாழக்கிழமை இரவுக் காட்சிக்குப் போனேன். தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் போய்ப் பார்த்துத் தொலைப்பார்கள். கதை இவ்வளவுதான். போனில் டவர் இல்லை, பெட்ரோல் தீரப்போகிறது, ஆளரவமில்லாத ஒரு பங்க். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க கருப்பின மனிதர், கையில் கத்தி. இவர்கள் பயந்து ஓடுகிறார்கள், அவர் லாரியில் துரத்துகிறார். வழியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். கொலைகாரர்கள் அவர்கள்தான் என்று சாப்பாடு போடும்போதே தெரிந்துவிடுகிறது. முன்பின் தெரியாதவருக்கு இத்தனை சிரிப்போடு யார் சோறு போடுவார்கள்? பங்க்காரர் உண்மையில் காப்பாற்ற வந்தவர். காப்பாற்றிவிட்டுச் சாகிறார். சுபம்.

இனி "லே". அவர் கதாநாயகியைப் பார்த்து "எங்கலே போற?" என்று கேட்கிறார். தியேட்டரே சிரித்தது. பொம்பளைப் பிள்ளையைப் பார்த்து எவனாவது லே போடுவானா? ஏளா, ஏட்டி என்றுதான் வரும். வசனம் எழுதியவருக்குத் திருநெல்வேலித் தமிழ் என்றால் எழுதி முடித்த வாக்கியத்தின் மேல் லே தூவுவது, இட்லிக்குப் பொடி தூவுகிற மாதிரி.

ஜூன் 14, காலை 7.05

சுபம் என்று எழுதியது தப்பு. கடைசி ஷாட்டில் காருக்குள் ரேடியோ தானாகப் பாட ஆரம்பிக்கிறது. இரண்டாம் பாகத்துக்கு அடிபோடுகிறார்கள்.

ஜூன் 14, மதியம் 2.15

"டப்பிங்கில் வட்டார வழக்கு வைப்பது ஜாலிக்குத்தானே, எல்லாவற்றிலும் நொட்டை சொல்லாதீர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜாலிக்கு என்றால் அந்த மாப்பிள்ளைப் பையனுக்கு வைக்கலாமே. அவன் "எனக்கு அச்சமாக இருக்கிறது, அன்பே" என்கிறான். அவன் "பயமா இருக்குட்டி" என்று சொல்லியிருந்தால் நான் இன்னொரு டிக்கெட் எடுத்திருப்பேன்.

யாருக்கு எந்தத் தமிழ் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது அண்ணாச்சி. போலீஸ் அதிகாரிக்கு மேடைத் தமிழ். பிக்பாக்கெட்டுக்கு மெட்ராஸ் பாஷை. அப்பாவிக்குக் கோயம்புத்தூர். வெட்டுகிறவனுக்கு நாம். இந்தக் கணக்கை அமெரிக்காக்காரன் போடவில்லை, நம்ம ஆட்கள்தான் முப்பது வருஷமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி என்று திரையில் எழுத்து வந்தாலே பின்னால் சுமோ வரும், சுமோவில் வேட்டி வரும், வேட்டிக்குப் பின்னால் முதுகிலிருந்து அரிவாள் வரும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அரிவாள். தேங்காய் வெட்ட வைத்திருப்பது. அதற்கும் கைப்பிடி கழன்றுவிட்டது, கயிறு சுற்றியிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் சென்னையில் வீடு தேடினேன். வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அரிவாள் எல்லாம் கொண்டு வரலையே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காப்பி கொடுத்தார். மறுநாள் போன் பண்ணினால், வீட்டைச் சொந்தக்காரருக்கே கொடுத்துவிட்டாராம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோதும் "வாடகைக்கு விடப்படும்" அட்டை அதே கேட்டில் தொங்கியது.

ஜூன் 14, இரவு 10.30

மகள் இதையெல்லாம் படித்துவிட்டு என்னோடு சண்டை. கல்லூரியில் படிக்கிறாள், சினிமா பற்றி என்னைவிட அதிகம் தெரியும் என்று நினைக்கிறாள், தெரியவும் செய்யும். அவள் வாதம்: "அப்பா, படம் அந்த ஆளைத் தப்பாக் காட்டலை. நம்மள தப்பா நினைக்க வச்சு, கடைசில நீ நினைச்சது தப்புன்னு காட்டுது. அது ஒரு சோதனை." இங்கேயும் இரண்டு பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள்.

சோதனை என்றால் கேள்வித்தாளில் கள்ளம் இருக்கக்கூடாது. அவர் ஃப்ரேமுக்குள் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும் அந்த செல்லோ வாத்தியச் சத்தம் யார் போட்டது? நானா? கத்தியை முதலில் காட்டி, அந்தக் கத்தியால் அவர் தர்பூசணி நறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரம் கழித்துக் காட்டியது யார்? ஒன்றரை மணி நேரம் ஒருத்தர் முகத்தை வைத்துப் பயமுறுத்திக் காசு பார்த்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் "சீ, இப்படியா நினைத்தாய்" என்று என்னைத் திட்டினால் எப்படி? திட்டி முடித்த கையோடு அவரைக் கொன்றும்விடுகிறார்கள். கெட்டவராக இருந்தாலும் சாவு, நல்லவராக இருந்தாலும் சாவு.

ஸ்பீல்பெர்க் 1971இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்' பார்த்திருப்பீர்கள். சிவப்புக் காரில் ஒருத்தன், பின்னால் ஒரு டேங்கர் லாரி, காரணமே இல்லாமல் துரத்துகிறது. லாரிக்காரனின் முகத்தைப் படம் முழுக்கக் காட்டுவதில்லை. ஒரு கை தெரியும், ஒரு ஜோடி பூட்ஸ் தெரியும், அவ்வளவுதான். வழியில் சாப்பாட்டுக் கடைக்குள் போன கார்க்காரன் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கால்களைப் பார்க்கிறான். இந்த பூட்ஸா, அந்த பூட்ஸா? தப்பான ஆளிடம் போய்ச் சண்டை பிடித்து உதை வாங்குகிறான். அவன் சந்தேகம் அவனுடையது, கேமரா அதற்குச் சாட்சி சொல்ல வருவதில்லை. பயத்துக்குத் தோல் நிறம் வேண்டியதில்லை என்று அம்பது வருஷத்துக்கு முன்னாலேயே காட்டியாகிவிட்டது. மகள் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போயிருக்கிறாள்.

ஜூன் 15, மாலை 5.00

ஞாயிற்றுக்கிழமை. மின்சாரம் இருந்தது. வெளிநாட்டில் படம் முன்னாடியே வந்துவிட்டது போல, மகள் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தாள். சப்டைட்டிலோடு இன்னொரு முறை பார்த்தேன். ஆமாம், மறுபடியும்.

நான் எழுதியதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன்.

அந்த மனிதர் ஆங்கிலத்தில் மொத்தமே ஏழெட்டு வரிதான் பேசுகிறார். மரியாதையாகப் பேசுகிறார். முதல் வரி, மேலே சாலை அடைத்திருக்கிறது, திரும்பிப் போய்விடுங்கள் என்பது. நம் டப்பிங்கில் அந்த இடத்தில் என்ன வந்தது தெரியுமா? "இந்தப் பக்கம் வந்தவன் எவனும் திரும்பிப் போனதில்லலே." முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், வாய் தெரியாது. வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். உதட்டசைவுக்கு வார்த்தை பொருத்துகிற கஷ்டம் அங்கே கிடையாது. அப்படி முதுகு தெரிகிற இடமாகப் பார்த்து மூன்று மிரட்டல்களைச் சொருகியிருக்கிறார்கள். செல்லோ அமெரிக்காவுடையது, மிரட்டல் நம்முடையது. இரண்டும் சேர்ந்துதான் எனக்கு அத்தனை பயமாக இருந்திருக்கிறது.

படம் ஆங்கிலத்திலும் மோசம்தான். அதில் மாற்றமில்லை.

ஜூன் 15, இரவு 9.20

"தியேட்டரே சிரித்தது" என்று எழுதினேன் அல்லவா. அது "எங்கலே போற" வந்த இடம். அதற்கு முன்னால், அவர் முதல் முறை "ஏலே" என்றபோது விசில் பறந்தது. விசிலடித்தவர்களில் நானும் ஒருத்தன். நம்ம ஊர் பாஷை திரையில் வந்துவிட்டது என்ற சந்தோஷம். அது யார் வாயில், எதற்காக வந்தது என்பதெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டை பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது.

ஜூன் 16, இரவு 11.10

"ராத்திரி ரோட்டில் நீர் எவனைக் கண்டு பயந்தீர், அதைச் சொல்லும்" என்று வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர் மடக்கிவிட்டார். சொல்கிறேன்.

2019, ஐப்பசி மாதம். நாகர்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்துத் திரும்பினோம். நான், மனைவி, மகள். நாங்குநேரி தாண்டி மூன்றடைப்புக்கு முன்னால் பின் சக்கரம் வெடித்தது. மணி பதினொன்றரை. நான்குவழிச் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன, ஒன்றும் நிற்கவில்லை. மழை வரும் போல இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டேன், ஒரு நட்டு மட்டும் அசையவில்லை. ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிறேன், ம்ஹூம்.

ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போய், வேகம் குறைத்து, எதிர்ப்பக்கமாகவே திரும்பி வந்தது. மூன்று பையன்கள். "என்ன அண்ணாச்சி, டயரு போயிட்டோ?" என்றான் ஓட்டியவன்.

அப்போது நான் செய்த முதல் காரியம், போன் டார்ச்சை அவர்கள் முகத்தில் அடிக்கவில்லை. கையில் அடித்தேன். மணிக்கட்டில். என்ன நிறக் கயிறு என்று.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் ஊர் எல்லையில் மின்கம்பத்துக்குப் பட்டை பட்டையாக வர்ணம் அடித்திருக்கும், பைக் நம்பர் பிளேட்டுக்கு மேல் அதே வர்ணத்தில் ஸ்டிக்கர், பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் அதே வர்ணத்தில் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, அடுத்த வருஷம் ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் கயிறு கட்டக்கூடாது என்று தனியாகவே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் முந்தின கதை ஒன்று. நான் சின்னப் பையனாக ஏறிய பஸ்ஸில் கட்டபொம்மன் பெயர் இருந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்த தலித் வீரர் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது தென் மாவட்டம் பற்றி எரிந்து, கடைசியில் எல்லாக் கழகத்திலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸுக்குப் பெயர் வைக்கக்கூட முடியாத ரோடு இது. இதில் நின்றுகொண்டு அமெரிக்காக்காரன் நிறம் பார்க்கிறான் என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பையன்கள். ஒருத்தன் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்றான். மற்றவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு முறை குதித்ததும் நட்டு 'டொக்' என்று கழன்றது. பத்து நிமிடத்தில் ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. இருநூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. கை கழுவத் தண்ணீர் கேட்டான், பாட்டிலைக் கொடுத்தேன்.

கழுவிக்கொண்டே கேட்டான்: "நீங்க எந்த ஊரு?"

பாளையங்கோட்டை என்றேன்.

"பாளையங்கோட்டையில எங்கன?"

தெருப் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினான். அவனும் கயிறு பார்த்துவிட்டான், வேறு விதமாக. "பைய போங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். டூயலில் அந்த ஆள் பூட்ஸ் பார்த்தான் என்று அவ்வளவு ரசித்து எழுதினேனே, நான் பார்த்தது மணிக்கட்டு.

ஜூன் 17, காலை 8.00

மனைவி படித்துவிட்டுச் சொன்ன திருத்தங்கள்:

பையன்கள் மூன்று பேர் இல்லை, இரண்டு பேர். "ஒருத்தன் ஏறி நின்னான், இன்னொருத்தன் தோளைப் பிடிச்சான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூணாவது ஆள் அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?" எனக்குப் பதிலில்லை. ஆறு வருஷமாக இந்தக் கதையை மூன்று பேர் என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பயம் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டது.

இன்னொன்று. அவர்கள் வந்ததும் நான் சொல்லித்தான் அவள் காரின் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினாளாம். அதை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

கயிறு? இரண்டு பேர் கையிலும் கயிறே இல்லை. இது எனக்கே நினைவிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரவில்லை, இன்னும் பயம்தான் வந்தது. யார் என்றே தெரியவில்லையே என்று.

ஜூன் 17, மதியம் 1.30

"அமெரிக்காவில் கருப்பின மக்கள் பங்க்கில் வேலை பார்ப்பது சகஜம், அதைக் காட்டினால் இனவெறியா?" என்று கேட்பவருக்கு. வேலை பார்ப்பதைக் காட்டுவதில் என்ன இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் நெடுஞ்சாலைப் பயம் யாருக்கு இருந்தது என்று கொஞ்சம் பாருங்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட்டார். கருப்பினத்தவர் காரில் வெளியூர் போனால் எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள், எந்தக் கடையில் சாப்பாடு கிடைக்கும், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்று ஊர் ஊராகப் பட்டியல். வருஷா வருஷம் வந்தது, 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் நின்றது. அந்தக் கையேடு விற்ற இடங்களில் ஒன்று எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகள். ஊரில் பொழுது சாய்ந்த பிறகு கருப்பினத்தவர் இருக்கக்கூடாது என்று பலகை வைத்த ஊர்கள் இருந்த நாடு அது. ராத்திரி, பங்க், தனிக் கார் என்ற த்ரில்லர் முழுக்க அவர்கள் நிஜத்தில் ஓட்டிக் கடந்தது. அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 17, மதியம் 3.45

மேலே பிழை. போர்க் காலத்தில் சில வருஷங்கள் அந்தக் கையேடு வரவில்லை. 1964ஓடு நிற்கவும் இல்லை, கடைசிப் பதிப்பு 1966-67. சட்டம் வந்த மறுநாளே விடுதிக்காரர்கள் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள், யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 17, இரவு 10.00

ஹூஸ்டனில் இருக்கும் மச்சினன் போன் பண்ணினான். இதைப் படிக்கிறானாம். அவனுக்குப் படத்தில் ஒரே ஒரு ஆட்சேபம்: ராத்திரியில் அப்படிப்பட்ட பங்க்கில் முதலில் காசு கட்டினால்தான் பெட்ரோல் வரும், இவர்கள் முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு பணம் கொடுக்கப் போகிறார்கள், அதனால் கதையே நடந்திருக்காது என்கிறான். இன்ஜினியர்.

அப்புறம் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான், "அத்தான், இங்க சின்ன ஊர்ப் பங்க்ல நான் உள்ள போனா, என்னையத்தான் அப்படிப் பார்ப்பாங்க." 2001 செப்டம்பரில் கோபுரங்கள் விழுந்த நான்காவது நாள், அரிசோனாவின் மெசா நகரில் தன் சொந்த பெட்ரோல் பங்க் வாசலில் நின்ற பல்பீர் சிங் சோதியைத் தலைப்பாகையைப் பார்த்து ஒருவன் சுட்டுக் கொன்றான். மச்சினன் அப்போது அங்கே இல்லை, பிறகுதான் போனான். ஆனால் போன முதல் வாரமே இந்தக் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டார்களாம், சீட் பெல்ட் போடு என்று சொல்வது போல.

ஜூன் 18, காலை 7.15

நேற்று ராத்திரி பரோட்டா வாங்கப் போன கடையில் மாஸ்டர் ஒடிசாக்காரர். நாலு வருஷமாக இங்கே. "என்ன சார், கொத்துவா, வீச்சா?" என்று கேட்கும் தமிழில் குறை சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, அப்போது என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்டேன். கல்லில் கை தட்டிக்கொண்டே சொன்னார்: ஒரு வாரம் கடைக்கும் ரூமுக்கும் நடுவில் தனியாக நடக்கவில்லையாம். தெருமுக்கில் பைக் சத்தம் கேட்டாலே நின்றுவிடுவாராம். அந்தத் தெருமுக்கில் சாயங்காலம் பைக் நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பது நானும் என் நண்பர்களும்தான்.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. சால்னா கொஞ்சம் கூட ஊற்றிக் கொடுத்தார்.

ஜூன் 18, இரவு 9.50

மகள் 'டூயல்' பார்த்துவிட்டாள். முதல் அரைமணி நேரம் போர், அப்புறம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாளாம். சோதனை வாதத்தை வாபஸ் வாங்கவில்லை, செல்லோவை மட்டும் ஒத்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வெட்டி வேலை செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பங்க்காரரின் ஏழெட்டு வரியையும் நிஜத் திருநெல்வேலித் தமிழில் எழுதுகிறோம். நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ராத்திரியில் வழி தெரியாமல் நிற்கும் சின்னஞ்சிறுசுகளிடம் எப்படிப் பேசுவாரோ அப்படி. முதல் வரிக்கு இப்படி வந்திருக்கிறது:

"எம்மா, அங்கன ரோடு அடச்சிருக்கு. பையத் திரும்பிப் போங்க."

பேசிப் பார்த்ததில் அவர் முதுகு தெரிகிற அந்த ஷாட்டுக்குக் கொஞ்சம் நீளம். "எம்மா"வை எடுத்துவிட்டால் சரியாக உட்காரும் என்கிறாள் மகள். எடுக்க மனசில்லை, வேறு எதையாவது குறைக்கலாம் என்று பார்க்கிறோம். யோசனை இருந்தால் எழுதுங்கள். லே மட்டும் வேண்டாம்.